சர்க்கரை ஏற வேண்டிக்கொண்ட நாட்கள்

எனக்கு எழுபத்திரண்டு வயது நடக்கிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். கடைசிப் பெண் விட்டுப்போன பேத்தியையும் சேர்த்தால் ஐந்து. இவர்கள் போக, சம்பளத்துக்கு எலி வளர்த்தேன். அதற்கு என்னிடம் கணக்கில்லை.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. உள்ளே தண்ணீர். தண்ணீரின் அடியில் ஊறிய கசகசா போலச் சின்னச் சின்ன மணிகள். அவற்றுக்கென்று தனி நிறம் கிடையாது, தண்ணீரின் நிறம்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும், இல்லாவிட்டால் வெறும் பாட்டில் என்றுதான் நினைப்பார்கள். ஆட்டினால் எழும்பி, அவசரப்படாமல் இறங்கும். ஒன்றோடொன்று ஒட்டாது. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்மருந்தா என்று கேட்பார்கள். மருந்தாக வேண்டியது என்று சொல்லுவேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதைக் கொடுத்தவர் எங்கள் மேடம். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் போகிறது. போகட்டும், பகலுக்கு இப்போது வேறு வேலை இல்லை.

வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரு கல்லூரி. அதன் பின்பக்கம், வேப்பமரங்களுக்கு நடுவில், ஜன்னல் இல்லாத ஒரு கட்டடத்துக்கு எலி வீடு என்று பெயர். அதில் எனக்கு வேலை. ரைஸ்மில் உமியைக் கூண்டுகளில் பரப்ப வேண்டும், நனைந்ததை வாரிக் கொட்ட வேண்டும், தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவி வெந்நீரில் போட வேண்டும். என் வயதுப் பெண்கள் பலர் அந்த வேலைக்கு வந்து, வாடை பொறுக்காமல் ஓடிப்போனார்கள். நான் ஓடவில்லை. ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "தள்ளி உக்காருங்கமா, எலிக்காரி வரா. இன்னா எலிக்காரி, நேத்து உன் பொண்ணு எத்தினி பெத்தா?" "உன் மாமியாருக்கு இருக்கிற பல்ல விட ஒண்ணு கூட" என்று சொல்லிவிட்டு நடுவில்தான் உட்காருவேன். என் சேலையில் உமித்தூசி இருந்ததே தவிர அழுக்கு இருந்ததில்லை.

மேடம் பிள்ளையார்பாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், முன்கூடத்தில் தறி. அவர் படித்து, வெளியூர் போய் இன்னும் படித்து, திரும்பி வந்து எங்கள் கல்லூரியில் சேர்ந்தார். ஒல்லியான உடம்பு, மூக்கில் நிற்காத கண்ணாடி, பழைய ஸ்கூட்டி. மற்றவர்கள் என்னை ஆயாம்மா என்பார்கள். அவர் வந்த நாளிலிருந்து அக்கா. வந்த வாரமே என் கையைப் பார்த்தார். நான் கூண்டுக்குள் கை விட்டால் எலிகள் ஓடாமல் முகர்ந்துகொண்டு நிற்கும். "அக்கா, பயந்துபோனா எலிக்குச் சர்க்கரை ஏறிடும். அப்புறம் எது நோவு, எது பயம்னு எனக்குத் தெரியாது. இனிமே ரத்தம் எடுக்கிறப்போ நீங்கதான் புடிக்கணும்" என்றார். அன்று முதல் பிடித்தேன்.

அவர் எலிகளுக்கு முதலில் ஒரு மருந்து போட்டுச் சர்க்கரை நோயை வரவழைப்பார். அந்தக் கூண்டுகளை எழுதி ஒட்டாமலே எனக்குத் தெரியும். காலையில் போட்ட உமி மத்தியானத்துக்குள் சேறாகிவிடும், புட்டி காலியாகிவிடும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கை ஓடவில்லை. என் கடைசிப் பெண் ஒன்பது வயதில் இப்படித்தான் இருந்தாள். சொம்பு சொம்பாகக் குடித்தாள், பாயை நனைத்தாள், ஒரு மாதத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. காற்றுக் கருப்பு என்று மந்திரித்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து அவளுக்கு ஊசி. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி, படுக்கும் முன்னால் ஊசி, காய்ச்சல் வந்தால் கூட ஒன்று. தொடையில் குத்த இடமில்லாமல் வயிற்றில் குத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். இதை மேடத்திடம் சொன்னபோது அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு என்னை உள்ளே அழைத்துப்போய், தான் செய்வதைக் காட்டினார்.

கடல்பாசியிலிருந்து எடுத்த ஒரு பொடி. கஞ்சி போலக் கரைப்பார். நல்ல எலியின் கணையத்திலிருந்து, சர்க்கரையை அடக்கும் மருந்தைச் சுரக்கிற அணுக்களை எடுத்து அந்தக் கஞ்சியில் கலப்பார். ஒரு சின்ன மிஷின் அதை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்புச் சத்துக் கலந்த தண்ணீரில் விடும். விழுந்த சொட்டு, விழுந்த இடத்திலேயே மணியாக உறையும். அந்த மணிகளை நோயாளி எலியின் வயிற்றுக்குள் விட்டுத் தைத்துவிட்டால், உள்ளே இருந்தபடியே மருந்து சுரக்கும். ஊசி வேண்டாம்.

"எதுக்கு மேடம் மணி? அப்படியே உள்ள விட்டா ஆவாதா?" என்று கேட்டேன்.

"உடம்புல காவக்காரங்க இருக்காங்க அக்கா. தெரியாத மூஞ்சியப் பாத்தா விடமாட்டாங்க, கொன்னுடுவாங்க. இந்த மணியில ஓட்டை இருக்குது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. சர்க்கரை உள்ள போவும், மருந்து வெளிய வரும். காவக்காரன் மட்டும் உள்ள பூர முடியாது."

"அப்போ நல்லதுதானே?"

"உள்ள பூர முடியலைன்னா அவன் வூட்டுக்குப் போயிடுவானா? வாசல்ல உக்காந்துக்குவான். கூட்டாளிங்களைக் கூப்பிடுவான். மணியச் சுத்திச் சுவர் கட்டிடுவாங்க. உள்ள இருக்கிறது மூச்சு முட்டிச் செத்துடும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "மணி செய்யிறது பெருசில்ல. உடம்பு அத ஒத்துக்கணும். அதுக்குத்தான் இத்தினி வருஷமா மாரடிக்கிறேன்."

அந்த ஒத்துக்கொள்ளுதலுக்காக அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டப்பாவில் வரும் பொடி நமக்கு வெள்ளையாகத்தான் தெரியும். அவர் அதை நம்பமாட்டார். கரைப்பார், கரியில் வடிகட்டுவார், உலர்த்துவார், மறுபடி கரைப்பார். "அழுக்கு நம்ம கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும்" என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. மணிகளையும் விடமாட்டார். சில சொட்டுகள் உறையும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வால் வைத்துவிடும். பூதக்கண்ணாடியில் குனிந்தபடி அவற்றைப் பொறுக்கி எறிவார். "வால் இருந்தா உடம்பு அதப் புடிச்சிக்கும்கா." உருண்டையாக, வழவழப்பாக, யாரும் பிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். அவர் கழுத்து வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் நிமிரும்போது ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டுதான் நிமிருவார்.

இவ்வளவு செய்தும் எலிகள் பிழைக்கவில்லை. மணி வைத்த பிறகு சர்க்கரை இறங்கும். உமி காய்ந்திருக்கும். நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு போய்ச் சொல்லுவேன். சில வாரம் போனதும் ஒரு காலையில் உமி நனைந்திருக்கும். வயிற்றைத் திறந்து பார்த்தால், தனித்தனியாக விட்ட மணிகள் ஒரே கட்டியாகிக் கிடக்கும். பழைய சோற்றுக்கட்டியில் பூசணம் பூத்ததுபோல வெள்ளையாக ஒரு தோல் மூடியிருக்கும். மேடம் அதை நோட்டில் எழுதிக்கொள்வார். மறுநாள் மறுபடி பொடியைக் கரைப்பார்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு எலி வீட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் எல்லாவற்றையும் துடைத்து வைத்தோம். மேடத்தின் வீட்டில் தறிக்கும் அதில் ஊடுநூல் ஓட்டுகிற நாடாவுக்கும் அன்றைக்குச் சந்தனம் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில், தன் சொட்டு மிஷினுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். "பெரிய சார் பார்த்தா திட்டுவாரு" என்று ஒரு மாணவி சொன்னாள். "எங்கப்பா தறி நெய்யலாம், நான் சொட்டு விடக்கூடாதா? அதுவும் ஆயுதம்தான்" என்றார். பூஜை முடிந்து அந்த மிஷினில் விட்ட முதல் மணிகள், வலது காதில் இரண்டு வெட்டு உள்ள ஒரு பெண் எலிக்குப் போயின. எலிகளுக்குப் பேர் வைக்க மேடம் விடமாட்டார். காதில் வெட்டி அடையாளம் வைப்பதுதான் வழக்கம். ஆகவே அவளுக்கு இரண்டு வெட்டு என்றே பேர் நின்றுவிட்டது.

இரண்டு வெட்டுக்குச் சர்க்கரை இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். ஏறவில்லை. அவளோடு மணி வைத்த மற்ற எலிகள் வழக்கம்போலக் கெட்டுப்போயின. இவள் மட்டும் கொழுத்தாள், மயிர் பளபளத்தது, நான் கை விட்டால் முழங்கைவரை ஏறி வந்தாள். கார்த்திகை போயிற்று, பொங்கலும் போயிற்று. மேடம் மறுபடி மறுபடி மணி விட்டார். ஒன்றும் அவளைப்போல ஆகவில்லை. பொட்டுதான் காரணம் என்று மாணவிகள் விளையாட்டாகப் பேசினார்கள். மேடம் சிரிப்பார். ஆனால் மிஷினைத் துடைக்கும்போது அந்தப் பொட்டைச் சுற்றித்தான் துடைப்பார். ஒரு நாள் பொட்டு உதிர்ந்திருந்தது. அவர் கைப்பையிலிருந்து சந்தனம் எடுத்துக் குழைத்து, யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அதே இடத்தில் வைத்ததை நான் பார்த்தேன். அவ்வளவு படித்தவர். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டில் என் பெண்ணுக்கு மாலையில் ஒரே கேள்விதான். பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது அவள் வேலை. நூலை உள்ளங்கையில் முறுக்கியபடியே கேட்பாள். "ரெண்டு வெட்டு எப்டி இருக்கறா?"

"நல்லா இருக்கறா. உன்ன விட நல்லா துன்றா."

"ஊசியே இல்லாம?"

"ஊசியே இல்லாம."

அவளுக்குக் கல்யாணம் ஆகி அப்போது மூன்று வருடம் இருக்கும். மாப்பிள்ளை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், எல்லாம் தெரிந்துதான் கட்டினார். சிறுநீரில் புரதம் போகிறது, பிள்ளை பெற்றால் கிட்னி தாங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் இரண்டு பேரும் பிள்ளை வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மாசி மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. கலைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. கலைத்துவிடலாம் என்றேன் நானும். அவள் ஒரு குஞ்சத்தைக் கட்டி முடித்து, பல்லால் நூலை அறுத்துவிட்டுச் சொன்னாள். "பொறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போவறதுக்குள்ள அந்த மணி மனுசனுக்கு வந்துடும்மா. கிட்னி அதுவரைக்கும் ஓடாதா? ரெண்டு வெட்டு இருக்கறா இல்ல?"

நான் வாதாடினேன். அவள் என் பெண். என் பிடிவாதம்தான் அவளுக்கும்.

வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் மேடம் இரண்டு வெட்டின் கூண்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "அக்கா, இவளத் திறக்கணும்" என்றார்.

நான் கூண்டின் மூடிமேல் கையை வைத்தேன். "நல்லா இருக்கிறவளப் போய் எதுக்கு மேடம்?"

"எதனால நல்லா இருக்கறான்னு எனக்குத் தெரியலை. மணியாலயா, வேற எதாலயா? மணிய வெளிய எடுத்துட்டுத் தைச்சிடுவேன். அப்புறம் சர்க்கரை ஏறிச்சின்னா, இத்தினி நாளா அடக்கிவெச்சது மணிதான்."

"ஏறலைன்னா?"

அவர் எழுந்து கூண்டுச் சீட்டில் தேதி எழுதினார். மேடத்துக்கு மேலே இருந்த பெரிய சார் கூட வேண்டாம் என்றார். இருக்கிற ஒரு நல்ல எலியை எதற்கு நோண்டுகிறாய், இதை வைத்தே வெற்றி என்று காட்டலாம் என்றார். "காட்டலாம் சார். ஆனா எனக்குத் தெரியணும்" என்றார் மேடம். நான்தான் எலியைப் பிடித்துக் கொடுத்தேன். எடுத்த மணிகளை என்னிடம் காட்டவில்லை. தட்டை மூடிக் கொண்டுபோய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் போல என் ஆயுசில் வந்ததில்லை. ஒன்பது வயதிலிருந்து என் பெண்ணுக்குச் சர்க்கரை இறங்க வேண்டும் என்று காமாட்சியம்மன் கோயிலில் விளக்குப் போட்டவள் நான். இப்போது அதே சன்னதியில் நின்று, ஏறட்டும் தாயே, அந்த எலிக்குச் சர்க்கரை ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டேன். காலையில் முதல் வேலையாக உமியில் கை வைத்துப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். புட்டியைப் பார்ப்பேன். நிறைந்திருக்கும். வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, என் பெண் வீட்டில் வைத்திருப்பதுபோன்ற சின்ன மிஷினில் மேடம் வைப்பார். நல்ல நம்பர் வரும். இரண்டு பேரும் அந்த நல்ல நம்பரைச் சாவுச் சேதி போலப் பார்த்துக்கொண்டு நிற்போம். இரண்டு வெட்டு தைத்த வயிற்றோடு ஓடினாள், தின்றாள், என் கையில் ஏறி விளையாடினாள். அவள் நன்றாக இருக்க இருக்க எனக்கு உயிர் போயிற்று.

சர்க்கரை ஏறவே இல்லை.

"மணி இல்ல அக்கா" என்றார் மேடம் கடைசியில். "மணியெல்லாம் எப்பவோ செத்துப்போயிருக்குது. எடுத்த அன்னிக்கே பார்த்தேன். வெள்ளைத்தோல் மூடி, ஒரே கட்டி. சொல்ல மனசு வரலை. இது எலியே தேறிக்கிச்சி. நாம மருந்து போட்டுக் கெடுத்ததுல கொஞ்சம் மிச்சம் இருந்திருக்குது. அது வளந்துக்கிச்சி."

"எம் பொண்ணுக்கும் அப்படி வளருமா மேடம்?"

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "வளராதுகா. எலிக்குக் கெடுத்தது நாம, ஒரு தடவையோட விட்டுட்டோம். அவங்களுக்குக் கெடுக்கிறது அவங்க உடம்பே. வளர வளரக் கொல்லும்."

கணையத்தையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றார். கணையத்தை எடுத்த பிறகு எலியைத் திருப்பித் தைத்துப் பிழைக்கவைக்க முடியாது. அன்றைக்கும் பிடித்துக் கொடுத்தது நான்தான். என் கையில் அவள் பயப்படவில்லை.

என் பெண்ணிடம் தானே சொல்வதாக மேடம் வீட்டுக்கு வந்தார். வந்தவருக்கு மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை. என் பெண் ஏழு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். விரல் நிற்கவில்லை. கேட்டு முடித்து, மேடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்போ அவளுக்கு நெசமாவே நல்லாயிடுச்சி. யாருக்கோ ஒருத்திக்காவது நல்லாச்சே மேடம்" என்றாள். "பத்திரமா பாத்துக்கோங்க அவள."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

குழந்தை மாதத்துக்கு முன்னாலேயே பிறந்தது. கிட்னி, டாக்டரம்மா சொன்னபடிதான் ஆயிற்று. முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். வாரத்தில் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிக்கொண்டு போனோம். அந்த வருடங்களில்தான் கல்லூரியில் மேடத்தின் வேலைக்கு வருகிற பணம் நின்றது, எலி வீட்டைப் பூட்டினார்கள். பூட்டுகிற அன்று மேடம் இந்தப் பாட்டிலை என் கையில் வைத்தார். உள்ளே அணு எதுவும் இல்லை, வெறும் மணிகள். "வாலில்லாததாப் பொறுக்கி வெச்சேன்கா. நான் செஞ்சதுல இதான் நல்லது" என்றார். என் பெண் அதை வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் தன் ஊசிமருந்துக்குப் பக்கத்தில் வைத்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது ஆட்டிக் காட்டுவாள்.

அவள் போனபோது குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போவதற்குள் வந்துவிடும் என்று அவள் சொன்ன மணி வரவில்லை.

சாவுக்கு மேடம் வந்திருந்தார். தலை நரைத்துப்போயிருந்தது. வேறு ஊரில் பாடம் நடத்துவதாகச் சொன்னார், மணி செய்வதில்லையாம். என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலே இல்லாமல், "முன்னாடியே திறந்திருக்கணும்கா. மாசிக்கு முன்னாடியே. எனக்கும் ரெண்டு வெட்டத் திறக்க மனசு வரலை. அப்பவே திறந்திருந்தா..." என்றார். அந்த நேரத்தில் பேத்தி வந்து அவர் கைப்பையின் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். யார் இவர் என்று பார்க்கிற பார்வை, அவள் அம்மாவின் பார்வை. மேடம் அவளைப் பார்த்தார். அதோடு வாயை மூடிக்கொண்டார். அப்பவே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு எந்த மனுஷி சொல்லுவாள்? அவரால் அந்தப் பேச்சை முடிக்க முடியவில்லை. அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. என்னாலும் அதை இன்றுவரை முடிக்க முடியவில்லை. என் பெண் இருந்திருப்பாள் என்று ஆரம்பிப்பேன். பக்கத்து அறையில் பேத்தி செருப்பைத் தேடிக்கொண்டு கத்துவாள். நிறுத்திவிடுவேன்.

மேடத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. சார் சொன்னதுபோல மூடி வைத்திருந்தால், என் பெண் பிரசவம்வரைக்குமாவது நம்பிக்கையோடு இருந்திருப்பாள் என்று நினைத்திருக்கிறேன். ஆனால் தெரிந்துகொண்டே பொய் சொல்ல அவருக்கு வராது. பொய்யில்லாத ஒருத்தரிடம் வேலை பார்த்தேன், அதை நான் எங்கும் தலை நிமிர்ந்து சொல்லுவேன். அதனால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒன்றும் கிடைக்கவில்லை.

பாட்டிலை இப்போது எடுத்து முன்னால் வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் ஆகியும் மணிகள் அப்படியே இருக்கின்றன. ஒட்டவில்லை, வெளுக்கவில்லை, ஒரு தோலும் மூடவில்லை. பாட்டிலுக்குள் அவற்றை யார் என்ன செய்யப்போகிறார்கள்? ஓர் உடம்புக்குள் போனால்தானே.

கண்ணு, காலேஜ் விட்டு வந்ததும் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார். நீ எப்படி வந்தாய் என்று நீ கேட்டதில்லை, நானும் வாயால் சொன்னதில்லை. என் எழுத்து கோணல். நிதானமாகக் கூட்டிப் படி. பிழை இருந்தால் திருத்திக்கொள், சேதியைத் திருத்தாதே. நடுவில் குரல் நின்றுபோனால் பரவாயில்லை, ஆயா காத்திருப்பேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொள். மேலே எனக்கு எழுபத்திரண்டு வயது என்று இருக்கிறது பார். அங்கிருந்து, சத்தமாகப் படி.